பதினெட்டாவது நாள் கூடை

மத்தியானம் மூணு மணி.

சிரிக்காதீங்க. ராத்திரியிலதான் வரணும்னு பேய்ங்களுக்கு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா? ஆகஸ்ட் மாசம் மூணு மணிக்கு நம்ம ஊர் எப்படிக் கிடக்கும்... எல்லா ஜன்னலும் சாத்தி, நாய்கூடக் குலைக்காது. அந்த நேரத்துல சான் ரொமுவால்டோ கோட்டை ரோட்டுல ஒத்தையா நடந்திருக்கீங்களா? ரெண்டரை கிலோமீட்டர். ஒரு மரம் கிடையாது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் கடல்.

ஃபெர்மீன், மெழுகுவத்திய நடுவுல வை. இந்தக் காத்துக்குக் கரண்டு இப்போதைக்கு வராது.

என்கூட மீன் ஏலக்கூடத்துல வேலை பாக்குறானே அமதேயோ, அவனோட அத்தைக்கு நடந்தது இது. பேரு எலாதியா. மருந்துக்கடை வச்சிருந்தவங்க. கண்ணால பாத்தாலும் ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்துத்தான் நம்புவாங்க.

அந்தக் கோட்டைக் கதை உங்களுக்குத் தெரியும். உள்நாட்டுச் சண்டை ஆரம்பிச்சப்போ பீரங்கிக்காரங்க கலகம் பண்ணி, அதிகாரிங்களைப் பிடிச்சுக் கீழறையில போட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு மறுபக்கம் ஜெயிச்சு வந்து, அதே அறையில பீரங்கிக்காரங்களைப் போட்டாங்க. பூட்டு அதேதான். சாவி மட்டும் கை மாறிச்சு.

ரெண்டாவதா உள்ள போனவங்கள்ல ஒருத்தர்தான் அத்தையோட தாய்மாமா, செலெதோனியோ. இருபத்திரெண்டு வயசு. அத்தையோட அம்மாவுக்கு அப்போ பதினாலு. தினம் மூணு மணிக்கு அண்ணனுக்குக் கூடையில சோறு கொண்டு போவாங்க. வாசக்கதவுல ஒரு சின்ன ஜன்னல். கூடையை வாங்கிக்கிட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம். 'வேண்டாம்'னுட்டா... முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

பதினேழு நாள் வாங்கிக்கிட்டாங்க. பதினெட்டாம் நாள் அந்தப் பதினாலு வயசுப் பொண்ணுக்குக் காய்ச்சல். போகல. எழுந்து போறதுக்குள்ள கோட்டை காலி. 'வேற ஊருக்கு மாத்திட்டோம்'னாங்க. எந்த ஊர்? கேட்டதுக்குக் கதவைச் சாத்திட்டாங்க. அன்னைக்குப் போகாததைச் சொல்லிச் சொல்லியே அந்தம்மா செத்தாங்க. மாமா எலும்பைக் கண்டுபிடிச்சு அம்மா கல்லறையில வைக்கணும்... அத்தைக்கு வேற ஆசை கிடையாது.

பதினோரு வருஷம் அலைஞ்சாங்க. நகராட்சிக்குப் போனா மாகாண ஆபீஸுக்குப் போம்பான். அங்க போனா ராணுவத்தைக் கேளும்பான். ராணுவத்துல, பாதிரியார்கிட்ட கேளுங்கம்பான். பாதிரியார் திரும்ப நகராட்சிக்கு அனுப்புவார்.

"செத்ததுக்குச் சான்று கொண்டாங்கம்மா, எங்க புதைச்சாங்கன்னு தேடலாம்."

"எங்க புதைச்சாங்கன்னு தெரிஞ்சாத்தானய்யா சான்று வாங்க முடியும்?"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? அடுத்து யாரு?"

அப்படி ஒரு நாள், கடுப்புல, பஸ்ஸுக்குக்கூட நிக்காம நடந்தே கோட்டைக்குப் போயிட்டாங்க. கதவைக் காலால உதைக்கணும் போல இருந்துச்சாம்.

பாதி ரோட்டுல... சரக், சரக்னு சத்தம். கயித்துச் செருப்புச் சத்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, முன்னாலயும் பின்னாலயும். ஆள் யாரும் இல்ல. வேகவச்ச பருப்பு வாசனை. யாரோ காதோரமா மூச்சு விட்டாங்க...

கதவுல அந்தச் சின்ன ஜன்னல். எப்பவோ செங்கல் வச்சு அடைச்சது. உள்ளேருந்து சலிச்சுப்போன ஒரு ஆம்பளைக் குரல்.

"யாருக்கு?"

அத்தை மாமா பேரைச் சொன்னாங்க. காகிதம் புரள்ற சத்தம்.

"இருக்கான். கூடை எங்க?"

"கூடை... கொண்டு வரலையே."

"அப்போ நாளைக்கு வா."

ஓடி வந்து அமதேயோகிட்ட சொன்னாங்க. அவன் சிரிச்சான். "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு அத்தை. படுங்க."

"நீ கூட வர்றியா, இல்ல நான் தனியாப் போகட்டுமா?"

போனான். கூடையில ரொட்டி, பருப்பு, ஒரு துண்டு தொத்திறைச்சி. அவன் காதுல ஒண்ணும் விழல. ஆனா பாத்தான். அத்தை கூடையோட கையை நீட்டினாங்க. கை செங்கலுக்குள்ள போச்சு. முழங்கை வரைக்கும்... தண்ணிக்குள்ள போற மாதிரி.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கை வெளிய வந்துச்சு. கூடை அப்படியே இருந்துச்சு. ரொட்டிக்கு மேல சுருட்டின ஒரு சட்டை.

"என்ன சொன்னாங்க அத்தை?"

"வேண்டாமாம்டா..."

ரோட்டுலயே உக்காந்து அழுதாங்களாம். எழுபத்தேழு வருஷத்துக்கு முன்னால செத்தவருக்கு, இப்போ செத்த மாதிரி. அமதேயோ சட்டையத் தொட்டான். ஈரம்... சூடு. கையெல்லாம் சிவப்பு.

ஆனா அத்தை மருந்துக்கடைக்காரங்க இல்லையா? கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "காரை எடுடா"ன்னாங்க. சட்டையை ஐஸ் பெட்டியில வச்சு, சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்ச பரிசோதனைக்கூடத்துல குடுத்துட்டாங்க. ஒரு மாசத்துல முடிவு வந்துச்சு. வாலிப ஆம்பளையோட ரத்தம். அத்தைக்குத் தாய்வழி ரத்த உறவு. சிந்தி ரெண்டு, மூணு மணி நேரம்தான் ஆகியிருக்கும்னு போட்டிருந்தாங்க.

அதைத் தூக்கிக்கிட்டு நேரா மாகாண ஆபீஸ். பதினோரு வருஷத்துல முதல் தடவையா கையில ஒரு சான்று! கவுன்ட்டர்ல ஒரு புதுப் பொண்ணு. நிதானமாப் படிச்சுது.

"அம்மா, இது போர்ல செத்தவங்களுக்கான கவுன்ட்டர். இவர் போன மாசம்தானே செத்திருக்கார்? போலீஸுக்கில்ல போகணும்."

அத்தை மேஜையில ஓங்கி அடிச்சாங்க. "இன்னும் எத்தனை பேர்கிட்டடி என்னை அனுப்புவீங்க?"

அந்தப் பொண்ணு பயந்துபோச்சு. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் இருந்ததையும் படிச்சுது. அதை அத்தை பாக்கவே இல்ல.

"கோவிச்சுக்காதீங்கம்மா... சட்டையில இருக்கறது ஒருத்தர் ரத்தம் இல்லைன்னு போட்டிருக்காங்களே. நாப்பத்தோரு பேர் ரத்தமாம்."

தலையை நிமிர்த்தி, அத்தைக்குப் பின்னால எட்டிப் பாத்துச்சு.

"மத்த நாப்பது பேருக்கு யாரும் வரலையா?"