நான்கு நிமிடம் பதினொரு வினாடி

ஒரு பாடகியின் மொத்த வாழ்க்கையையும் இரண்டு சிடிக்குள் அடக்கும்போது, முதல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது சுலபம். மூன்றாவது பாட்டில்தான் கஷ்டம். முதல் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும், இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். மூன்றாவது வரும்போதுதான் கேட்கிறவன் எழுந்து போய்க் காப்பி போடலாமா என்று யோசிப்பான். அவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். சார்ஜென்ட், உங்கள் வீட்டிலும் அந்த சிடி இருக்கிறது என்றீர்கள். மூன்றாவது பாட்டில் எழுந்து போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். அது என் வேலை.

என் பெயர் லெமுவல் ஆஸ்கியூ. வயது எழுபத்தாறு. தெற்கு மெம்பிஸில் பழைய ஐஸ் தொழிற்சாலைக்குள் இருக்கும் ஸ்டூடியோவில் நாற்பத்திரண்டு வருடம் ஒலிப்பதிவாளனாக இருந்தேன். வக்கீல் வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. நீங்கள் கொடுத்த காப்பி ஆறிப்போயிருந்தது, மற்றபடி குறையொன்றும் இல்லை.

ஆர்செல்லா டன்ஸ்டலை உலகம் ஒரு பெரிய சோல் இசைப் பாடகி என்று சொல்கிறது. 1961இல் அவள் என் கதவைத் தட்டியபோது இருபத்திரண்டு வயதுப் பெண், சர்ச் கோரஸில் மூன்றாவது வரிசை. குரல் இருந்தது, அடக்கம் இல்லை. கையில் நான்கு வெள்ளி வளையல் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். பாட்டு முழுக்கக் கிணுகிணுவென்று சத்தம். நான் ஒரு காலி சுருட்டுப் பெட்டியை நீட்டினேன்.

"கம்மலும் கழட்டணுமா, மிஸ்டர் ஆஸ்கியூ?"

"சத்தம் போடுறது எதுவும் உள்ள வரக்கூடாது."

"அப்ப முதல்ல என்னைத்தான் வெளிய நிறுத்தணும்" என்றாள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் வருவாள், யாரும் சொல்லாமலே வளையல், கம்மல், சாவி எல்லாவற்றையும் பெட்டியில் போடுவாள், பாடும் அறைக்குள் போவாள். அந்த அறை ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்திருந்த இடம். சுவரெல்லாம் ஓரடி தடிமனுக்குத் தக்கை, என் மேஜைக்கு எதிரே மட்டும் ஒரு பெரிய கண்ணாடி. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். நான்தான் மூடுவேன், நான்தான் திறப்பேன். பெட்டி என் மேஜை மேல் இருக்கும். அதில் அவள் போட்டதை அவள்தான் எடுப்பாள். நான் ஒரு நாளும் அதற்குள் கை வைத்ததில்லை. அந்த ஒழுங்குதான் இப்போது என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது, பரவாயில்லை.

இன்னொரு விதியும் உண்டு. சிவப்பு விளக்கு எரிகிறவரை யாரும் கதவைத் தொடக்கூடாது. ஒரு தடவை டிராம்போன் வாசிக்கிற ஆள் ஒருவன் பொரித்த கெளுத்தி மீனும் ரொட்டியுமாக உள்ளே நுழைந்து ஓர் அருமையான டேக்கை, பாதி பதிவாகியிருந்த பாட்டை, கெடுத்துவிட்டான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. விளக்கின் சுவிட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒவ்வொரு டேப்பின் பெட்டி மேலும் நடந்ததையெல்லாம் பென்சிலால் எழுதி வைப்பேன். தேதி, டேக் எண், யாருக்கு ஜலதோஷம், எப்போது மழை பெய்தது என்று எல்லாம் இருக்கும். எழுதியதை அழிக்க மாட்டேன். ஒரு டேப்பைக்கூட நான் அழித்ததில்லை.

'விளக்கை அணைக்காதே' பாட்டு உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுவார் என்றீர்களே. அதை 1967 மார்ச்சில் பதிவு செய்தோம். பதினெட்டு டேக் வீணாகிப் பத்தொன்பதாவது கைகூடி வந்துகொண்டிருந்த நேரம், கிளார்க்ஸ்டேலிலிருந்து போன் வந்தது. அவள் அம்மாவுக்கு மோசம், உடனே வரச் சொல்லுங்கள் என்றார்கள். நான் டேப் பெட்டி மேல் எழுதினேன்: "2.10. போன். தாய்க்கு மோசம். தொடர்கிறோம்." இருபத்தாறாவது டேக்கில் பாட்டு கிடைத்தது. ஐந்து மணிக்கு அவளிடம் சொன்னேன். அம்மா நான்கரைக்குப் போய்விட்டாள். மெம்பிஸிலிருந்து கிளார்க்ஸ்டேல் ஒன்றரை மணி நேரம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்த அம்மாவைக் கொன்றது நோய், நான் இல்லை. அந்தப் பாட்டு பிறக்காமல் போயிருந்தால் அதற்கு மட்டும் நான் பொறுப்பாகியிருப்பேன். அதை ஒலிக்கவிட்டு எத்தனை பேர் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் தெரியுமா?

போன வருடம் செப்டம்பரில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவள் பாடிய காலம் முழுவதிலுமிருந்து நாற்பது பாட்டு, இரண்டு சிடி, கூடவே ஒரு சிறு புத்தகம். தொகுக்கிற வேலை எனக்கு. எந்தப் பாட்டு வரலாம், வரக்கூடாது என்பதில் கடைசி வார்த்தை அவளுக்கு. நான் மூன்று வாரம் சாப்பாடு தூக்கம் மறந்து வேலை செய்தேன். என் வாழ்க்கையும் அதே நாற்பது பாட்டுத்தான் என்பதைக் கம்பெனிக்காரர்கள் யோசிக்கவில்லை. அட்டையில் அவள் முகம் மட்டும்தான்.

புத்தகத்துக்கு அவள் நாலு வரி எழுத வேண்டியிருந்தது. பழைய டேப் பெட்டிகளைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்று ஒரு வியாழக்கிழமை வந்தாள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். எலுமிச்சை கேக் வாங்கி வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு பெட்டியாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்புச் சத்தம் நின்றது.

"லெம்" என்றாள்.

நாற்பத்திரண்டு வருடமாக நான் அவளுக்கு மிஸ்டர் ஆஸ்கியூ.

"ரெண்டு பத்துக்கே போன் வந்திருக்கு."

"வந்துச்சு."

"எங்கிட்ட அஞ்சு மணிக்குத்தானே சொன்னே?"

"டேக் நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு."

அவள் அழவில்லை. பெட்டியை மூடி, மேலே இருந்த தூசியைக் கையால் துடைத்தாள். "இந்த நாப்பதுல ஒண்ணுகூட அந்தத் தட்டுல வரக்கூடாது. எல்லாத்தையும் புதுசா பாடப்போறேன்."

"அறுபத்துநாலு வயசுல நாப்பது பாட்டா? நெஞ்சு தாங்குமா உனக்கு?"

"என் நெஞ்சு மேல இப்பத்தான் அக்கறை வந்துச்சாக்கும்! இதுல பாடினது நான் இல்ல, லெம். நீ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு நீ பாடியிருக்கே. வாய் மட்டும்தான் என்னுது."

அவள் சொன்னது உண்மை. ஆனால் அவள் அதை ஒரு குற்றம் மாதிரி சொன்னாள். எனக்கு அது புகழ்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக வந்தாள், தலையில் ஊதா நிறத் தொப்பியோடு. முதலில் அதே பாட்டு, 'விளக்கை அணைக்காதே'. வாத்தியம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் இருவரைத் தவிரக் கட்டடத்தில் யாரும் இல்லை. பழக்கத்தில் சுருட்டுப் பெட்டியைத் திறந்து வளையலைப் போட்டாள், கம்மலைப் போட்டாள், தொப்பி ஊசியையும் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலை எடுத்தாள். நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சுவலி மாத்திரை, முந்தின நாள்தான் வாங்கியிருக்கிறாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். கலகலவென்றது.

"இதுவும் சத்தம் போடுது" என்று அவளே பெட்டியில் போட்டாள். நான் போடச் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கதவை மூடினேன். விளக்கைப் போட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை உங்களுக்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் நன்றாகப் பாடினாள். நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு விடவில்லை, நான் இழுக்கச் சொன்ன இடத்தில் இழுக்கவில்லை. மெதுவாக, பக்கத்தில் படுத்திருக்கிற ஒருத்திக்குப் பாடுவது போலப் பாடினாள். 1967இல் நான் இருபத்தாறு டேக் எடுத்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் வயிறு எரிந்தது. இப்படி இன்னும் முப்பத்தொன்பது பாடினால், நான் யார்? அது மோசமாக இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன், சார்ஜென்ட். அதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எங்கள் வழக்கத்தில் அதற்கு 'டேப் ஓடட்டும், இன்னொரு தடவை' என்று அர்த்தம். ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அப்போது அவள் இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்குப் புரியாமல் இல்லை. மாத்திரை பாட்டில் என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கதவு ஆறு எட்டு வைக்கிற தூரம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதை எரியவிட்டவன் நான். டேப் முழுவதும் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். ஆமாம், அவளைக் கொன்றேன். உங்களுக்கு வேண்டிய வாக்கியம் இதுதான் என்றால் இதோ இருக்கிறது.

அவள் பாடுவதற்கு முன் மாத்திரை போட்டாள், வலி அதற்குக் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சர்ச்சில் நடந்த இறுதி வழியனுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கோரஸில் உச்சக் குரலில் பாடும் சோப்ரானோக்கள் அரை சுருதி ஏறியிருந்தார்கள்.

பிறகு தொகுப்பை முடித்தேன். முப்பத்தொன்பது பாட்டு என்னுடையது, பழையபடியே. நாற்பதாவது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, நான்கு நிமிடம் பதினொரு வினாடி. அதை ஒளித்து வைத்திருக்கலாம், வைக்கவில்லை. என்னை மோசமானவன் என்று எழுதுவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள். கடைசியில் வருகிற அந்த மூச்சில் ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்தவன் நான்.

சிடி வெளிவந்த அன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. அவள் மகள் வனெட்டாவிடம் சுருட்டுப் பெட்டியைக் கொடுத்தேன், அதில் இருப்பது அவர்கள் வீட்டுப் பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கம் எனக்கில்லை என்று முன்னாலேயே சொன்னேன். அவள் திறந்தாள். வளையலைக் கையில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அப்புறம் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லெம் மாமா, அம்மா மாத்திரை போட்டாங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"மூடியைச் சுத்தி ஒட்டின காகிதம்கூடப் பிரியலையே. அப்ப எதைப் போட்டாங்க?"

என் தட்டில் பாதிக் கோழி மிச்சம் இருந்தது. அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நானே உங்களுக்குப் போன் செய்தேன்.

முழு டேப்பும் ஸ்டூடியோவில் இருக்கிறது, இரண்டாவது அலமாரியில் மேல்தட்டு. மொத்தம் பதினொரு நிமிடம். பெட்டி மேல் எல்லாம் எழுதியிருக்கிறேன், நேரம் உட்பட. நீங்கள் கேட்டே ஆக வேண்டும், எனக்குத் தெரியும். சத்தத்தைக் குறைத்து வைக்காதீர்கள், நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். மூச்சுக்குப் பிறகு அவள் மூன்று முறை என்னைக் கூப்பிடுகிறாள். முதல் இரண்டு முறை "லெம்", இரண்டும் கரகரப்பு, வைக்கிற தரம் இல்லை. மூன்றாவது முறை "மிஸ்டர் ஆஸ்கியூ" என்கிறாள், இருபத்திரண்டு வயதில் சொன்ன மாதிரியே. அவ்வளவு சுத்தமான சுருதி. அது நான் சொல்லிக்கொடுத்தது.