ஒரு புழுவுக்கு ஒரு கப்

இரும் ருஷ்தா பிள்ளை, அவசரப்படாதையும். முதல்ல பிளேன்டீயைக் குடியும். உங்கட லேபில பழுதாப் போன ஏசியைத் திருத்தியாச்சாம், புழுவெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி என்ட பேத்தி றஷ்மி உமக்கு ஹொஸ்பிட்டல்ல இருந்து போன் பண்ணினவளாம். ஓம், எனக்கும் சொன்னவள். நாளைக்கு வீட்டை வாறாள்தானே, அதுக்குள்ள எல்லாம் பத்திரமாப் போய்ச் சேரோணுமாம்.

றஷ்மி இந்த ரூமுக்குள்ள ஏசியைப் போட்டு வளர்த்தமாதிரி கொட்டாஞ்சேனையில ஒருத்தரும் பிள்ளை வளர்த்திருக்க மாட்டினம். அதுவும் என்ன, பருத்திக் காயைக் குடைஞ்சு தின்னுற சனியன்கள்! மொனராகலையில பிடிச்சு, பதினொரு தலைமுறையாம். நான் ஒரு பூட்டப்பிள்ளையே இன்னும்... சரி, அதை விடும்.

புழுவுக்குச் சாப்பாடு நான்தான் காய்ச்சிறனான். கடலை மா, ஈஸ்ட், கடற்பாசி. உங்கட வீட்டில நோன்புக்குக் காய்ச்சிற அதே கடற்பாசிதான். போன மாசம் என்ட தம்பி ஒஸ்வால்ட் பூசை முடிஞ்சு நேர இஞ்ச வந்து, பிரிஜ்ஜைத் திறந்து, புடிங் எண்டு நினைச்சு அரைத் தட்டைத் திண்டுபோட்டு, அக்கா சீனி காணாது எண்டான்! றஷ்மி சிரிச்ச சிரிப்பு... ஆறு மாச வயித்தை ரெண்டு கையாலயும் தாங்கிக்கொண்டு சிரிச்சவள்.

எங்க எழும்புறீர்? ரூமைத் திறக்காதையும். இரும், சொல்லுறன்.

கப்பெல்லாம் குசினியில கழுவிக் கவிட்டு வச்சிருக்கிறன். நூற்றிருபதும். புழுவோ... மூண்டுதான் மிச்சம் பிள்ளை. அந்தா, ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள. ஓம், ஒண்டாத்தான் விட்டனான். தெரியும், தெரியும். ஒண்டை ஒண்டு கடிச்சுத் தின்னும், அதாலதான், அம்மம்மா, ஒரு புழுவுக்கு ஒரு கப் எண்டு றஷ்மி எனக்கு முதல் நாளே சொல்லித் தந்தவள். நிறையச் சாப்பாடு போட்டால் ஏன் தின்னப் போகுதுகள் எண்டு நினைச்சிட்டன். விடிய வந்து பாத்தால் தலையும் தோலும்தான் கிடக்குது.

மூண்டு காணுமோ, திரும்பப் பெருக்கிறதுக்கு? காணாது எண்டு தலையை ஆட்டுறீர்.

எனக்கு ஒரு உதவி செய்யும். எல்லாத்தையும் லேபுக்குக் கொண்டுபோயிட்டன், சுகமா இருக்குது எண்டு அவளுக்குச் சொல்லும். ஒரு கிழமைக்கு மட்டும். பிறகு நானே சொல்லுறன், என்ட வாயால. இல்லை பிள்ளை, அவளின்ட ரெண்டு வருச வேலை எண்டு எனக்குத் தெரியாதே? நீர் பொய் சொல்லுற ஆள் இல்லை எண்டும் தெரியும். ஆனா நாளைக்கு வேண்டாம். நாளைக்கு அந்தக் கதவைத் திறந்து உள்ள வரேக்க, அவளுக்கு எங்கயாவது ஏதாவது உயிரோட இருக்கோணும்.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? பிறஷர் எண்டு மட்டும்தான் சொன்னவளோ? போன்ல புழுவைப் பற்றி மட்டும்தான் கதைச்சவளோ?

வயித்தில இருந்த பிள்ளை செவ்வாய்க்கிழமையே இல்லாமப் போச்சுது அம்மா. பெண் பிள்ளை. றஷ்மியை எழும்ப விடேல்லை. அவளின்ட மனுசன் றொஹானும் நானும்தான் மாதம்பிட்டிச் சவக்காலைக்கு அடக்கம் செய்யக் கொண்டு போனது. ஒரு சப்பாத்துப் பெட்டியளவு பெட்டி. திறீவீல்ல றொஹான் மடியில வச்சுக்கொண்டு வந்தவன். ஓட்டின பொடியனுக்குத் தெரியாதுதானே, அண்ணே, சாமானைக் கீழ வைக்கலாமே எண்டு சிங்களத்தில சொல்லுறான். றொஹான் பெட்டியை இன்னும் கிட்ட இழுத்து வச்சுக்கொண்டான்.

வீட்டை வந்து முகத்தைக் கழுவிப்போட்டு, இதுகளுக்குச் சாப்பாடு மாத்துவம் எண்டு ரூமுக்குள்ள போறன். நூற்றிருபதும் கிடக்குதுகள், தனித்தனியா, மூடின கப்புக்குள்ள. எனக்குப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சுது பிள்ளை. எல்லாத்தையும் தூக்கி ஒண்டா விட்டிட்டன்.