முழுசா இருந்த உருண்டை

ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆமா, லேப்ல இருந்துதான். குளிர் ரூம் வாசல்ல நிக்கிறேன், கையுறையோட போனைப் பிடிக்கவே முடியல... ஆமாம்மா, ஆமா, வெள்ளிக்கிழமை ரயிலுல உன்னையும் நம்ம பாப்பாவையும் பாக்க வரேன்னேன்ல. அதப்பத்தித்தான்... பெட்டியா? கட்டிட்டேன். கட்டித்தான் வச்சிருக்கேன்... நான் சொல்றத முதல்ல கேளேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை ஆயிடுச்சு... சேச்சே, எனக்கு ஒண்ணும் இல்ல. ஐஸ் உருண்டைங்கதான்... ஆமா, அதேதான். நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் சுத்துற பனிக்கட்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதினா எப்படி உடையும்னு, உருண்டையா உறைய வச்சு காத்துத் துப்பாக்கியால சுட்டுப் பாக்குறோமே... அது உடைஞ்சா நமக்கென்னவா? ஆமா, நமக்கென்ன. எவன் போய்ப் பாக்கப் போறான். ஆனா மூணு வருஷம் போட்டாச்சேம்மா.

இல்ல, மெஷின் மேல தப்பில்ல. நான்தான் என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். குமிழி விழாம ஒரு உருண்டை உறையப் பதினோரு நாள் ஆகும். அதனால, சுட்டும் உடையாதத வீணாக்காம திரும்பவும் வச்சு சுட்டேன்... சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்கு வரணும்னுதான்! சத்தியமா... இன்னைக்குக் காலையில அதுல ஒண்ண ரம்பத்தால அறுத்தேன். மேல ஒரு கீறல் கிடையாது, கண்ணாடி கணக்கா இருக்கு. உள்ள பூரா விரிசல்... ம், முதல் அடியிலேயே விழுந்திருக்கு. யாரும் பாக்கல. அப்புறம் லேசாத் தட்டினாலே பொடிப்பொடியாத்தான் போகும். அதை நம்பி, பனிக்கட்டின்னா சுலபமா உடையும்னு எழுதிட்டேன். அத்தனையும் தப்பு.

...ம். முதல்ல இருந்துதான்... வெள்ளிக்கிழமை வர முடியாதும்மா, இன்னும் ஒரு வருஷம் ஆகும். புரொபசர் சொல்லிட்டாரு.

தெரியும்மா. வரேன்னு சொல்லிட்டு வராம போறது இது மூணாவது தடவை. தெரியும்...

என்னது, வெறும் ‘சரி’ தானா?... என்னைத் திட்டு. போன தடவை அந்தக் கத்து கத்தினியே. ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுற?... பாப்பாகிட்ட குடு, ஒரே நிமிஷம்... நான் வரேன்னு அவகிட்ட நீ சொல்லவே இல்லையா?... ஏன்?

ஓ.

இல்ல, கேக்குது... நான் வருவேன்னு நீ நம்பவே இல்லியா?... எப்போலேர்ந்து?...

முதல் தடவைலேர்ந்தா?

அதுக்கப்புறமும் நல்லாத்தானேம்மா பேசிட்டிருந்த... சிரிச்சியே... இரு, வச்சிடாத. நான் வெள்ளிக்கிழமையே கிளம்பி... ஹலோ?

...ஹலோ?