ஒரு பைக்கு ரெண்டு காவல்

அப்பா: ...அதைத்தான் சொல்றேன். அப்பெல்லாம் இந்தப் பார்க்ல படகுச் சவாரிக்கு நிக்கிற வரிசை வாசல் தாண்டி, பார்க்கிங் தாண்டி, மெயின் ரோடு வரைக்கும் போகும். பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேரே சொல்ல மாட்டார். "வரிசைக்கு இறங்குறவங்க இறங்குங்க"ன்னுதான் சொல்வார்.

மகள்: போன தடவை பார்க்கிங் வரைக்கும்னு சொன்னீங்க.

அப்பா: போன தடவை அடக்கமா சொன்னேன்.

அம்மா: அடுத்த தடவை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நீளும் பாரு.

அப்பா: சிரிங்க. ஆனா இன்னைக்கு இங்க நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. பேரலைப் படகைப் பிரிக்கப் போறாங்க, இன்னைக்குத்தான் கடைசி ஓட்டம்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கிட்டு வருது. நேத்து வரைக்கும் எங்க போயிருந்தாங்க இவங்க?

மகள்: நீங்க எங்க போயிருந்தீங்கப்பா?

அப்பா: நான் போராடிட்டு இருந்தேன்.

மகள்: வாட்ஸ்அப்ல.

அப்பா: "பேரலையைக் காப்போம்" வெறும் குரூப் இல்லம்மா. அது ஒரு இயக்கம்.

அம்மா: இயக்கத்துல மொத்தம் ஆறு பேர். இவர், நான், நீ, மாப்பிள்ளை. உன் சித்தப்பா, பாவம், வெளிய போகத் தெரியாம உள்ள இருக்கார்.

மகள்: ஆறாவது யாரு?

அம்மா: இவருக்கே தெரியாது. தினம் காலையில ஒரு பூ படம் அனுப்புறார்.

அப்பா: அந்தப் பூவுக்கும் நான் பதில் போடறேன். தலைமைப் பொறுப்புன்னா சும்மாவா... சரி, பேரலைன்னு எவ்வளவு அழகான பேர். அதை மாத்தி என்னமோ எழுதியிருக்கானே, என்ன அது?

மகள்: சூப்பர் ஸ்பிளாஷ் எக்ஸ்.

அப்பா: அந்த எக்ஸ் எதுக்கு?

அம்மா: எங்க பல் கிளினிக்ல, பிடுங்க வேண்டிய பல்லு மேலதான் அந்த மாதிரி போடுவோம்.

அப்பா: கேட்டியா, உங்கம்மாவுக்குப் புரியுது. இதைப் பிடுங்கிட்டு என்ன வைக்கப் போறான் தெரியுமா? ஒரு ஹால். உள்ள நாற்காலி. உக்கார வச்சுக் கண்ணுல எதையோ மாட்டுவான். நாற்காலி ஆடும். மூஞ்சில தண்ணி தெளிப்பான். இதையெல்லாம் சலூன்லயே செய்றாங்க, கூட முடியும் வெட்டி விடுறாங்க.

மகள்: எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. பயந்தவங்ககூடப் போகலாம்.

அப்பா: பயந்தவங்க இங்க எதுக்கு வரணும்?

மகள்: அப்பவும் எல்லாரும் ஆசைப்பட்டா வந்தாங்க? ஊர்ல வேற போக்கிடமே கிடையாது. இது ஒண்ணுதான் இருந்துச்சு, அதான் கூட்டம்.

அப்பா: அதுவும் ஒரு காரணம். சின்னக் காரணம். ஆனா பேரலை வேற விஷயம்மா. படகு மேல ஏறி உச்சியில ஒரு நிமிஷம் நிக்கும். ஊர் முழுக்கக் கீழ தெரியும், யாரோ விளையாடிட்டு மறந்துட்டுப் போன பொம்மை மாதிரி. அப்புறம் தண்ணியைப் பாக்க ஒரே பாய்ச்சல். அந்த நொடியிலதான் ஒரு மனுஷன், தான் யாருன்னு தெரிஞ்சுக்குவான்.

மகள்: இதை அப்படியே ஸ்கூல் கட்டுரையில எழுதினேன்.

அம்மா: பத்துக்கு நாலு போட்டாங்க.

அப்பா: அந்த டீச்சர் ஏறியிருக்க மாட்டாங்க.

மகள்: அதே வசனத்தைத்தான் பார்க்குக்கும் எழுதிப் போட்டேன். அவங்க நாலு போடல. மறுநாளே போன் வந்துடுச்சு. "உங்க அப்பா அம்மா சந்திச்சதே எங்க படகாலயா? கடைசி ஓட்டத்துல முன் வரிசை அவங்களுக்குத்தான். மைக்ல சொல்லுவோம்"னாங்க.

அப்பா: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மகள்: ஆச்சரியமா இருக்கட்டும்னு நினைச்சேன்.

அப்பா: இருந்துச்சு.

அம்மா: எனக்கும்தான்.

மகள்: வரிசை நகர்றதுக்குள்ள அந்தக் கதையை ஒரு தடவை சொல்லுங்க. வீடியோ எடுத்துக்கறேன். வயித்துல இருக்கிறதுக்கு நாளைக்குக் காட்டணும்.

அப்பா: எத்தனை தடவை கேட்பே... நான் ஆபீஸ் பசங்களோட வந்திருந்தேன். எவனும் ஏறல. நான் மட்டும் தனியா. படகுல பின் வரிசை. உங்கம்மா முன்னாடி எங்கயோ இருந்திருக்கா, எனக்குத் தெரியாது. ஓட்டம் முடிஞ்சு, வெளிய வர்ற வழியில நின்னு சட்டையைப் பிழிஞ்சுட்டு இருந்தேன்...

அம்மா: பிழிஞ்சுட்டெல்லாம் இல்ல. யாராவது பாக்கட்டும்னு நின்னுட்டு இருந்தார். துவைச்சுப் பிழியாமக் கொடியில போட்ட சட்டை மாதிரி.

அப்பா: சரி, நின்னுட்டு இருந்தேன். அப்ப இவ வந்தா. தலையிலேர்ந்து சொட்டச் சொட்ட. முடியெல்லாம் மூஞ்சில ஒட்டி... கையில இருந்த கர்ச்சீப்பை நீட்டிட்டேன்.

அம்மா: ம்... கர்ச்சீப்.

மகள்: அம்மா நேரா தாத்தாகிட்டப் போயி...

அம்மா: நேரா இல்ல. ஒரு வருஷம் ஆச்சு.

அப்பா: உன் தாத்தா என்னை உக்கார வச்சு, "என்ன வேலை?"ன்னார். இன்சூரன்ஸ் ஏஜென்ட்னேன். மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. எழுந்திரிக்கப் போனார். அப்ப உங்கம்மாதான், "அப்பா, இவர் பேரலையில தனியா ஏறினவர்"னா. மறுபடி உக்காந்துட்டார்.

மகள்: அதான் எனக்குப் புரியவே இல்ல. அவ்வளவு தைரியசாலிங்க... நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எத்தனை தடவை வந்தோம், ஒரு தடவையாவது என்கூட ஏறினீங்களா? "நான் பையைப் பாத்துக்கறேன்"னு நீங்க. "நானும் பாத்துக்கறேன்"னு அம்மா. ஒரு பைக்கு ரெண்டு காவல். ஒவ்வொரு தடவையும் சித்தப்பாகூடத்தான் போனேன்.

அப்பா: அப்ப திருட்டு ஜாஸ்தி.

மகள்: உள்ள ஒரு துண்டும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும்தான் இருக்கும்.

அம்மா: கிரீம் பிஸ்கட்.

மகள்: சரி, நான் கீழ போறேன். படகு விழற இடத்துலயே நின்னு எடுக்கணும். பையைக் குடுங்க.

அப்பா: பையா? பை எதுக்கும்மா உனக்கு... மாசமா இருக்கிற பொண்ணு, கனமா இருக்கும். நான் வேணா பையைத் தூக்கிட்டு உன்கூடயே...

மகள்: அப்பா. குடுங்க. இன்னைக்கு நான் காவல்.

அம்மா: படியைப் பாத்து இறங்குடி.

மகள்: நீங்க ரெண்டு பேரும் சிரிச்ச முகமா இருங்க. எங்கயோ ஆபரேஷனுக்குப் போற மாதிரி நிக்காதீங்க.

அம்மா: ...போயிட்டா. நகருங்க, முன்னாடி இடம் விட்டுப் போச்சு.

அப்பா: முட்டி லேசாப் பிடிக்குது.

அம்மா: காலையில வீட்டு மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி இறங்கினீங்க.

அப்பா: அதான் பிடிச்சிருக்கு... பிரஷர் மாத்திரை போட்டேனா?

அம்மா: நான்தானே கையில குடுத்தேன்.

அப்பா: இந்த போர்டைப் பாத்தியா? இதய நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும்.

அம்மா: உங்க இதயம் நல்லா இருக்குன்னு போன மாசம்தான் டாக்டர் சொன்னார்.

அப்பா: அவர் சொல்றதை நம்ப முடியாது. எவ்வளவு கேட்டும் என்கிட்ட ஒரு பாலிசி எடுக்கல.

அம்மா: நகருங்க.

அப்பா: நகர்றேன்... இந்த இடத்துல ஒரு கதவு இருக்குமே. சின்னதா, பச்சைக் கதவு.

அம்மா: இங்க இல்ல. அடுத்த திருப்பம் தாண்டி, இடது பக்கம்.

அப்பா: ஆமா, ஆமா. மேல ஒரு பலகை. "மனம் மாறியவர்களுக்கு வழி". எவ்வளவு மரியாதையான எழுத்து பாரு. யாரையும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லல. மனம் மாறியவர்கள். என்னமோ ஞானம் வந்து திரும்பிப் போறவங்க மாதிரி.

அம்மா: இப்ப எதுக்கு அது?

அப்பா: சும்மா. வரலாறு. குரூப்ல போடறதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு...

அம்மா: திருப்பம் தாண்டியாச்சு.

அப்பா: எங்க?

அம்மா: இதோ. இங்கதான் இருந்துச்சு.

அப்பா: இது சுவர். சுவர்ல ரெண்டு றெக்கை வரைஞ்சிருக்கான்.

அம்மா: நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கணுமாம். பறக்கிற மாதிரி வரும்.

அப்பா: கதவை அடைச்சுட்டு றெக்கை வரைஞ்சிருக்கான்... நான் சொல்லல? இவங்களுக்கு மனுஷ மனசே தெரியாது. பேரை மாத்தினான், பொறுத்துக்கிட்டேன். வாசல்ல நின்ன காது உடைஞ்ச யானைக்குப் புதுக் காது ஒட்டினான். அதுக்குக்கூட ஒரே ஒரு கண்டனம்தான் போட்டேன். ஆனா இந்தக் கதவு... அது எத்தனை பேருக்கு...

அம்மா: கதவுக்கு ஏன் உங்களுக்குக் குரல் உடையுது?

அப்பா: திரும்பி இறங்க முடியுமா?

அம்மா: பின்னாடி பாருங்க. அத்தனை பேரும் நம்மளைத்தான் போன்ல எடுத்துட்டு இருக்காங்க. "முன் வரிசை ஜோடி"ன்னு கழுத்துல அட்டை மாட்டி விட்டிருக்காங்களே.

அப்பா: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

அம்மா: படகுல உக்காந்து சொல்லுங்க.

அப்பா: அங்க வாயைத் திறந்தா வேற ஏதாவது வரும். இங்கயே சொல்லிடறேன்... அன்னைக்கு நான் பின் வரிசையில இல்ல.

அம்மா: நடுவுலயா?

அப்பா: எந்த வரிசையிலயும் இல்ல. மேல வரைக்கும் வந்தேன். அது மட்டும் நிஜம். படகு கிளம்பற சத்தம் கேட்டுச்சு பாரு, கால் தானாத் திரும்பிடுச்சு. பச்சைக் கதவு வழியா இறங்கினா, அது டாய்லெட்டுக்குப் பின்னாடி கொண்டு போய் விட்டுச்சு. வெளிய ஆபீஸ் பசங்க நிக்கிறாங்க. காய்ஞ்ச சட்டையோட எப்படிப் போறது? அங்க ஒரு குழாய் இருந்துச்சு. தோட்டத்துக்குத் தண்ணி பிடிக்கிற குழாய்...

அம்மா: ம்.

அப்பா: அதுக்கு அடியில உக்காந்து நனைஞ்சுட்டு ஓடி வந்தேன். வந்து நிக்கிறேன், நீ வர்றே. நிஜமாவே மேலேர்ந்து விழுந்து நனைஞ்சவ. உன் பக்கத்துல நான் கள்ள நோட்டு மாதிரி நின்னேன்.

அம்மா: படகு வந்தாச்சு. காலைப் பாத்து வைங்க.

அப்பா: நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே?

அம்மா: முதல்ல உக்காருங்க. நல்லாச் சாஞ்சு. கம்பி இறங்குது, கையை எடுங்க.

அப்பா: பூட்டிட்டான். இனிமே ஞானமே வந்தாலும் இறங்க முடியாது... கோபமா?

அம்மா: கண்ணை மூடிக்கங்க. வாயை லேசாத் திறந்து மூச்சு விடுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.

அப்பா: இது நீ பல் பிடுங்க வர்றவங்ககிட்ட சொல்றது.

அம்மா: எனக்கு வேற சொல்லத் தெரியாது.

அப்பா: உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா பொண்ணு குடுத்திருக்க மாட்டார். அவர் அந்த நாற்காலியில மறுபடி உக்காந்ததே ஒரு பொய் மேலதான். நம்ம கல்யாணமே ஒரு குழாய்த் தண்ணியில...

அம்மா: எனக்குத் தெரியும்.

அப்பா: என்ன தெரியும்?

அம்மா: நீங்க ஏறலைன்னு. அன்னைக்கே தெரியும்.

அப்பா: ...எப்படி?

அம்மா: கர்ச்சீப். தலையிலேர்ந்து செருப்பு வரைக்கும் ஊறிப்போன மனுஷன் நீட்டின கர்ச்சீப், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாம மொறுமொறுன்னு இருந்துச்சு.

அப்பா: அது... நனையறதுக்கு முன்னாடி எடுத்துச் சுவர் மேல பத்திரமா வச்சேன். அப்புறம் மூஞ்சி துடைக்க வேணுமேன்னு.

அம்மா: இன்சூரன்ஸ்காரர்.

அப்பா: அப்ப இத்தனை வருஷமா... ஸ்கூல் கட்டுரை, கல்யாண மேடையில நம்ம பொண்ணு பேசினது, என் இயக்கம்... எல்லாத்தையும் கேட்டுட்டு சும்மாவா இருந்தே?

அம்மா: மைக்ல நம்மளைப் பத்திச் சொல்றாங்க. கையை ஆட்டுங்க. அதோ நிக்கிறா பாருங்க, பையோட.

அப்பா: ஆட்டறேன்... பேச்சை மாத்தாதே. என்னைக் கேலி பண்ண உனக்குக் காரணமே வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய காரணத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?

அம்மா: கிளம்பிடுச்சு. கையைக் குடுங்க.

அப்பா: குடுத்திருக்கேன். நீதான் இறுக்குற. நகம் பதியுது.

அம்மா: பதியட்டும்.

அப்பா: உனக்கென்ன, ஏற்கெனவே பாத்தவ. உச்சியில எவ்வளவு நேரம் நிக்கும்? சொன்னா மனசைத் தயார் பண்ணிக்குவேன்.

அம்மா: ...

அப்பா: கேக்குறேன்ல. எவ்வளவு நேரம்... நின்னுடுச்சு. வந்துட்டோம். ஒரு கண்ணை மட்டும் திறந்து பாத்தேன். ஊரும் தெரியல, பொம்மையும் தெரியல. வெறும் பார்க்கிங்தான் தெரியுது... நீ ஏன் கண்ணை மூடியிருக்கே?

அம்மா: அந்தக் குழாய்... நான் நனையறதுக்குப் போனப்ப அது திறந்தபடியே கொட்டிட்டு இருந்துச்சு. எந்த முட்டாள் மூடாமப் போனான்னு திட்டிக்கிட்டேதான் தலையை நீட்டினேன்.