அத்தானுக்கு உப்பில்லாமல்

மாதா கோயில் பக்கத்துப் பரோட்டாக் கடையில் வாசனைக்கே பாதி வயிறு நிறைந்துவிடும். வரிசையில் எனக்கு முன்னால் தனியாக நின்றவர் இரண்டு பொட்டலம் கேட்டார்.

“இன்னொண்ணு யாருக்குலே?” என்றார் கடைக்காரர்.

“அத்தானுக்கு, அண்ணாச்சி. உப்பில்லாம குடுங்க. முத்துக் குளிக்கையில கடத்தண்ணி ரொம்பக் குடிச்சிட்டாவ.”

“அவரு செத்து வருசமாச்சேலே!”

“முங்குறவங்க கயித்தப் பொண்டாட்டி கூடப்பொறந்தவந்தான் தோணியில நின்னு பிடிக்கணும்னு அத்தான் கயித்தப் பிடிச்சவன் நாந்தானே? இன்னும் என் கையில அந்தக் கயித்த இழுக்காவ. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அக்கா பயந்துருவா. அதான் சாயங்காலம் கோயிலு, கப்பலுக்கு வழிகாட்டுத வெளக்குக்கூண்டு, மிட்டாய்க்கடைன்னு சுத்திக் காட்டுதேன்.”

“எத்தன நாளைக்குலே இப்படி?”

“இன்னையோட சரி. அக்காவே கூட்டியாரச் சொல்லிட்டா. கதவத் தெறந்து வச்சிருக்கா.”

பொட்டலத்தை வாங்கியவர், பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் வழிவிட்டு ஒதுங்கினார். வரிசையில் நின்ற நாங்களும் ஒதுங்கினோம்.