பெர்மிட் அக்கா ராதாமணிக்கு, திங்கட்கிழமை பெங்களூரு வண்டியை முன்னிட்டு

மதுரை முனியாயி டிராவல்ஸ் நிறுவனத்தின் வெளிமாநில அனுமதிப் பிரிவு மேலாளர், கோச்சடை திருமதி ராதாமணி அவர்கள் பணி நிறைவு பெறும் இச்சனிக்கிழமை மாலையில், கே.கே. நகர் மண்டபத்தில் ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

எல்லைகள் அனைத்தும் அறிந்தவரே! எந்நாளும் எல்லை மீறாதவரே! சாவடிதோறும் சஞ்சலமின்றிச் சக்கரங்களைச் சுழலச் செய்த சாதுரியமே! கண்டிப்பிலே கனிவும் கனிவிலே கண்டிப்பும் கலந்து வைத்த கருணையின் கருவூலமே! ஓட்டுநர் ஒருவரும் ஒருநாளும் ஏமாற்ற இயலாத எங்கள் ஏந்தலே! வணக்கம்!

மடல் என்றால் அடைமொழிகளை அடுக்க வேண்டும் என்பது மரபு. அடுக்கிவிட்டோம். இவற்றில் கருணையின் கருவூலம் என்பது எந்த மடலிலும் இருப்பது. உங்களிடம் விடுப்பு கேட்டுப் பார்த்தவர்கள் அதை ஏற்றுக்கொள்வது கடினம். எல்லை மீறாதவர் என்பது மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு. அதற்கு இம்மண்டபத்தில் எதிர்ப்பு இராது என நம்புகிறோம்.

பெரிய முதலாளி அமரர் சிவனாண்டி அவர்கள் இரண்டு பேருந்துகளோடு தொழில் நடத்திய காலத்தில் நீங்கள் பணியில் சேர்ந்தீர்கள். இன்று நம் வண்டிகள் பெங்களூருக்கும் எர்ணாகுளத்துக்கும் திருப்பதிக்கும் போகின்றன. பிற மாநிலத்துக்குப் பேருந்து ஓட்ட டீசலும் ஓட்டுநரும் போதும் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். பெர்மிட் வேண்டும். எந்த வண்டி, எந்த மாநிலம், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். தேதி தாண்டிவிட்டால் அது வெறுங்காகிதம். அந்தக் காகிதங்களை வாங்குவதும், முடியுமுன் புதுப்பிப்பதும், முடிந்தபின் வண்டியை நிறுத்துவதும் உங்கள் பணி. முதல் இரண்டையும் யாரும் செய்துவிடலாம். மூன்றாவதைச் செய்ய இந்தத் தொழிலில் ஆள் குறைவு.

உங்கள் அருமையை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். புது பெர்மிட் வந்ததும் அதைப் பாண்டி கோயிலுக்கு எடுத்துச் சென்று, சாமி காலடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொண்டுவருவது நம் ஓட்டுநர்களின் வழக்கம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போலத்தான் இதுவும். மூத்த ஓட்டுநர் விருமாண்டி அவர்கள் பக்தியில் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டாதவர். பல ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு பெர்மிட்டில் அவர் இட்ட பொட்டு, முடிவுத் தேதியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஓசூரைத் தாண்டிய சோதனைச் சாவடியில் ஆய்வாளர் தேதியைக் கேட்டார். விருமாண்டி துண்டை நனைத்துத் துடைத்தார். குங்குமத்தோடு தேதியும் துண்டில் வந்துவிட்டது.

“சாமி காலடியில வச்சு எடுத்தது சார். இதுல பொய் இருக்குமா?” என்று அவர் கேட்டார். ஆய்வாளர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

பயணிகள் சாலையோரத்தில் அமர்ந்திருக்க, நீங்கள் அடுத்த வண்டியைப் பிடித்து, மதுரையிலிருந்து உரிய சான்றுகளோடு போய்ச் சேர்ந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னீர்கள். குங்குமக் கதையைக் கேட்டு ஆய்வாளரே சிரித்துவிட்டதாக விருமாண்டி இன்றும் சொல்லிவருகிறார். வண்டி விடுபட்டபின், வசவு விழப்போகிறது என்று தலை குனிந்து நின்றவரிடம் நீங்கள் சொன்னது இது:

“சாமிக்கு நகல் போதும்ணே. அது நம்மள நல்லாத் தெரிஞ்ச ஆளு. இங்க உக்காந்திருக்கவருக்கு நாம யாருன்னே தெரியாது. அவருக்கு அசலக் குடுங்க.”

அன்று முதல் நம் நிறுவனத்தில் நகல்தான் கோயிலுக்குப் போகிறது. இதனால் சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

குறைகளையும் குறிப்பிடாவிட்டால் மடல் முழுமை பெறாது. பாராட்டுவது உங்களுக்குப் பழக்கமில்லை. நகலில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் மழையிலும் ஆளை ஜெராக்ஸ் கடைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வீட்டாரோடு தொலைபேசியில் சௌராஷ்டிர மொழியில் மென்மையாகப் பேசிவிட்டு, அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பி அசல் மதுரைத் தமிழில் வெளுத்து வாங்குவீர்கள். அந்த மென்மையான பேச்சுக்கு அர்த்தம் தெரியாததில் எங்களுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

இனி இம்மடல் எதற்காக எழுதப்பட்டதோ அதைச் சொல்லும் இடம்.

நம் பெங்களூரு வண்டியின் பெர்மிட் இம்மாதத்தோடு, அதாவது நாளையோடு, முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் வண்டியைத் தகுதி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் வண்டியை ஒருநாள்கூட நிறுத்த முதலாளிக்கு மனமில்லாததால் அது தள்ளிப்போயிற்று. புதிய பெர்மிட் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமையோ பள்ளிகள் திறக்கும் வாரத்தின் தொடக்கம். பெங்களூரு திரும்புவோர் எல்லா இருக்கைகளையும் முன்பதிவு செய்துவிட்டார்கள்.

சென்ற வாரம் அலுவலகத்தில் இன்றைய முதலாளி திரு சூரியபிரகாஷ் அவர்கள் உங்களிடம், “அம்மா, திங்கக்கிழமை வண்டி கிளம்பட்டும். பெர்மிட்டு பின்னால வந்துட்டுப் போகுது. ஊர்ல அம்புட்டுப் பேரும் இப்படித்தான் ஓட்டுறாய்ங்க” என்றார்.

“ஓட்டுறவுக ஓட்டட்டும் தம்பி. நம்ம வண்டி பெர்மிட்டு வந்தாத்தான் போகும்” என்றீர்கள்.

“சனிக்கிழமையோட உங்க வேலை முடியுதுல்ல? திங்கக்கிழமைய நான் பாத்துக்கிறேன்.”

முன்பதிவுக் கூடம் முழுவதும் இதைக் கேட்டது. நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் மூடி வைத்ததையும் நாங்கள் பார்த்தோம்.

முதலாளி தீயவர் அல்லர். தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர்களை நினைவில் வைத்துக் கேட்பவர். வங்கித் தவணையும் பக்கத்துக் கம்பெனிகளின் போட்டியும் அவரை விரட்டுகின்றன. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்த வண்டியை எடுக்கும் முறை ஓட்டுநர் அருள்பாண்டியுடையது. பெர்மிட் இல்லாத வண்டி பிடிபட்டால் முதலாளிக்கு அபராதம். ஓட்டுநருக்கு உரிமமே பறிபோகலாம். உரிமம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வழியில் விபத்து என்று ஒன்று நேர்ந்தால், பெர்மிட் இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். இருக்கையில் இருந்தவர்கள் வழக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள். இவை நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை. மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்ல வழியில்லை.

டீக்கடையில் அருள்பாண்டி எங்களிடம், “இம்புட்டு நாளும் ‘அக்கா விடமாட்டாக’ன்னு சொல்லித் தப்பிச்சிட்டேன். இனிமே யார் பேரச் சொல்லுவேன்?” என்று கேட்டார். விருமாண்டிதான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம பேரத்தான் சொல்லணும் மாப்ள” என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முடியாது என்ற ஒரு சொல்லை எங்கள் அனைவருக்குமாகச் சேர்த்து இத்தனை ஆண்டுகள் நீங்கள் ஒருவரே சொல்லி வந்திருக்கிறீர்கள். முதலாளியின் முகச்சுளிப்பும் பயணிகளின் கூச்சலும் உங்களுக்கு. வீடு திரும்பும் நிம்மதி எங்களுக்கு. உங்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும் அக்கா. இதை இதற்குமுன் ஒருவரும் உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

எனவே, அன்பில் ஆழ்ந்தும் அறத்தில் ஊன்றியும் அறிவிப்பது யாதெனில்: திங்கட்கிழமை பெங்களூரு வண்டியை அருள்பாண்டி எடுக்க மாட்டார். அவருக்குப் பதிலாக விருமாண்டியும் எடுக்க மாட்டார். கீழே கையெழுத்திட்டுள்ள ஓட்டுநர் எவரும் எடுக்க மாட்டார். பெர்மிட் வந்த அன்று யாரை அழைத்தாலும் வருவார்கள். முன்பதிவு செய்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. செல்லத்தக்க பெர்மிட் உள்ள வேறொரு கம்பெனியின் வண்டியில் அவர்களுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறோம். முதலாளி ஒப்புக்கொண்டால் போதும்.

முதலாளி அவர்கள் இப்போது இம்மேடையில் உங்களுக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். அவரது அறைக்குப் போய் நேரில் சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் வரவில்லை. பாராட்டு மடல் வாசிக்கும்போது யாரும் இடைமறிப்பதில்லை என்பதால் இங்கே சொல்கிறோம். அவர் மீது எங்களுக்கு மரியாதை குறையவில்லை என்பதையும் இதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறோம்.

பணிவிலும் பண்பிலும் பழுதறியாப் பெருமாட்டியே! வைகைக்கரைக் காற்றும் வாய்க்கு ருசியான உணவும் வலியறியாத முழங்கால்களும் வாய்க்கப்பெற்று, பேரன் பேத்திகளின் பிடுங்கலில் பொழுது போவது தெரியாமல், நூறாண்டும் அதற்கு அப்பாலும் நீங்கள் நலமோடு வாழ வேண்டும். உங்கள் அலைபேசியை நாங்கள் அடிக்கடி அழைப்போம். எடுத்துத் திட்ட வேண்டும்.

நீங்கள் நன்றாக இருப்பீர்கள், அக்கா. நாங்கள் வேலையில் இருப்போமா என்பது திங்கட்கிழமை தெரியும்.

இங்ஙனம்,
முனியாயி டிராவல்ஸ் ஓட்டுநர்கள், உதவியாளர்கள், அலுவலக ஊழியர்கள்
அனைவர் சார்பிலும் எழுதி வாசிப்பவர்: முனீஸ்வரி, முன்பதிவுப் பிரிவு
முதல் கையெழுத்து: அருள்பாண்டி, ஓட்டுநர்