மூலையில் ஒன்பது தாள்

போஸ்டர்காரர்: அந்த மூலையில மட்டும் கை வைக்காதே தம்பி.

ஓவியன்: ஏன்ணே? சுவர் உங்களுதா?

போஸ்டர்காரர்: சுவர் யாருதோ. ஒட்டினது நான். ஒட்டினதை உரிக்கிறியே, கை அரிக்குதா?

ஓவியன்: இதுதான் என் வேலை. மேல் தாளைக் கிழிச்சா அடியில இருக்கறது எட்டிப் பாக்கும். அப்படியே பலகையில ஒட்டினா அது வேற படம். இதோ பாருங்க...

போஸ்டர்காரர்: செருப்புக்குள்ள ஒரு மூக்கு... மூக்குக்குள்ள ரயிலு. இதை வீட்டுல மாட்டுறாங்களா?

ஓவியன்: மாட்டுறாங்களே.

போஸ்டர்காரர்: பொண்டாட்டி இல்லாத வீடா இருக்கும்.

ஓவியன்: இருக்கட்டும். சுவர் பூரா மூணு அடுக்குத் தாள். இந்த மூலையில மட்டும் ஒன்பது. ஒன்பதும் ஒரே சோப்பு விளம்பரம்...

போஸ்டர்காரர்: மழையில ஊறிப் போச்சு. மேல மேல ஒட்டினேன்.

ஓவியன்: மழை இந்த மூலைக்கு மட்டும்தான் பெய்யுதா?

போஸ்டர்காரர்: ...நேத்து எதிர்ச் சுவர்ல கலர் தாளை எல்லாம் விட்டுட்டு, ஒரு பொண்ணு படம் போட்ட 'காணவில்லை' நோட்டீஸை மட்டும் உரிச்சே. பலகையில ஒட்டலை. மடிச்சுப் பையில வச்சே.

ஓவியன்: பாத்துட்டா இருந்தீங்க?

போஸ்டர்காரர்: மூணு நாளா. யாரு அனுப்பினா உன்னை? அந்தப் பொண்ணோட புருஷனா?

ஓவியன்: அதை நான்தான் கேக்கணும். அவன்தானே உங்களை ஒட்டச் சொன்னான்?

போஸ்டர்காரர்: சொன்னான். ஒட்டினேன்.

ஓவியன்: ஒட்டிட்டு, இந்த மூலையில அவ மூஞ்சி மேல ஒன்பது சோப்புத் தாள். எதுக்கு?

போஸ்டர்காரர்: நீ எதுக்கு உரிச்சு எடுத்துட்டுப் போறே?

ஓவியன்: ...யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு. அவ என் அக்கா. அவன்கிட்ட பட்டதெல்லாம் போதும். எங்க போறேன்னு எனக்கே சொல்லாம போயிட்டா.

போஸ்டர்காரர்: அக்கான்னு யாரு வேணா சொல்லலாம். அவன் அனுப்பின ஆளும் சொல்லுவான். போறப்ப கையில என்ன கொண்டு போனா? சொல்லு.

ஓவியன்: நான் பண்ணின படம் ஒண்ணு. அவ கல்யாண போட்டோவை எங்க சின்ன வயசு போட்டோ மேல ஒட்டி, மாப்பிள்ளையை மட்டும் கிழிச்சேன். அவன் நின்ன இடத்துல நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல...

போஸ்டர்காரர்: பின்னாடி உக்காந்து வாயைப் பொளந்து அழறது?

ஓவியன்: நான்தான்... அண்ணே, அது உங்களுக்கு எப்படி...

போஸ்டர்காரர்: மெதுவா பேசு. இந்தப் பசை வாளியைப் பிடி, என்கூட வேலை பாக்கறவன் மாதிரி நட. பசை காய்ச்சினதே அவதான். நாலு மாசமா எங்க வீட்டுலதான் இருக்கா.